சக்கரம் சுமக்கட்டும், வெட்கம் வேண்டாம்!



சட்டை தைக்கச் சென்றால் தையற்காரர் முதலில் அளவு நாடாவைக் கையில் எடுக்கிறார். செருப்பு வாங்கச் சென்றால் கடைக்காரர் பாதத்தின் அளவைக் கேட்கிறார். ஆனால், மிதிவண்டி வாங்க வருபவரிடம், "உங்கள் உடல் எடை என்ன?" என்று வினவும் கடைக்காரரைக் காண்பது அரிதாக இருக்கிறது. வாங்குபவரும் தாமாக அதைச் சொல்வதில்லை. வண்ணத்தைப் பார்க்கிறார், விலையைப் பார்க்கிறார், எத்தனை கியர் என்று கேட்கிறார். தம் எடை நூறு கிலோவைக் கடந்துவிட்டது என்ற ஒரு செய்தியை மட்டும் நாக்கு நுனியிலேயே நிறுத்தி விழுங்கிவிடுகிறார்.

இந்த மௌனத்திற்கு நாம் கொடுக்கும் விலை சிறிதன்று. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், இப்போது குடும்பஸ்தர், எடை 108 கிலோ. "உடலுக்கு அசைவு கொடுங்கள்" என்று மருத்துவர் அறிவுறுத்தினார். நெடுந்தூரம் நடந்தால் முழங்கால் வலிக்கிறது என்பதால் மிதிவண்டியைத் தேர்ந்தெடுத்தார். முன்னும் பின்னும் சுருள்வில் பொருத்திய, பார்ப்பவர் கண்ணைப் பறிக்கும் 'மலை சைக்கிள்' ஒன்று வீட்டிற்கு வந்தது. மூன்றாவது வாரம் பின்சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பி ஒன்று அறுந்தது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு. பழுது பார்க்கக் கொண்டு சென்ற இடத்தில், "உங்கள் உடம்புக்கு எந்தச் சைக்கிளும் தாங்காது, பாய்!" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்களாம். அன்றிலிருந்து அந்த வண்டி மாடிப்படிக்கு அடியில் நின்றது. அதன்மேல் அவருடைய உம்மா துணி உலர்த்தினார்.

அறுந்தது மூன்று கம்பிகள் மட்டுமா? ஒரு மனிதர் தம் உடல்நலத்திற்காக எடுத்துவைத்த முதல் அடியும் அல்லவா அங்கே முறிந்தது! பருமனாக உள்ளவர்கள் உடற்பயிற்சியைக் கைவிடுவதற்குச் சோம்பல்தான் காரணம் என்று ஊரார் எளிதாகக் கூறிவிடுவார்கள். பொருந்தாத கருவியும் பொருந்தாத சொல்லும் சேர்ந்து ஒருவரை வீட்டுக்குள் முடக்கிவிடுவதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

"எந்தச் சைக்கிளும் தாங்காது" என்ற சொல் உண்மைதானா? நம் ஊர்த் தெருக்களையே சாட்சிக்கு அழைப்போம். பால்காரர் இரண்டு பக்கமும் கேன்களைத் தொங்கவிட்டு ஓட்டியது எதில்? அரிசி மூட்டையைக் கேரியரில் ஏற்றி ரயில் நிலையத்திலிருந்து கடைக்கு வந்தது எதில்? மனைவியைப் பின்னாலும் பிள்ளையை முன்னாலும் அமர்த்திக்கொண்டு வாப்பாமார் உறவினர் வீடு சென்றது எதில்? கறுப்பு நிறம் பூசிய அந்தப் பழைய இரும்பு மிதிவண்டியில்தான். அதன் பின்சக்கரத்தை எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முன்சக்கரத்தில் 32 கம்பிகள், பின்சக்கரத்திலோ 40 கம்பிகள். பாரம் பின்னால்தான் மிகுதியாக விழும் என்பதை அறிந்து செய்த ஏற்பாடு அது. ஆகவே, மிதிவண்டி பாரம் தாங்கும். தாங்குமாறு செய்யப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவே!

மலை மிதிவண்டி பிறந்த கதையும் இதையே உணர்த்துகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் வட்டாரத்திலுள்ள டமால்பைஸ் மலையில், 1970-களில் சில இளைஞர்கள் மண்பாதைகளில் மிதிவண்டியை இறக்கி விளையாடினார்கள். அவர்கள் நாடியது மெல்லிய பந்தய வண்டிகளை அன்று. 1930-களிலும் 40-களிலும் செய்யப்பட்ட, தடித்த டயர் கொண்ட பழைய கனத்த வண்டிகளை! 1976-இல் அங்கே தொடங்கிய ஒரு பந்தயத்திற்கு 'ரீபேக்' என்று பெயர். இறக்கத்தில் பின்சக்கர ஹப்பிலிருந்த பிரேக் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகையாகிப் போகும். மறுபடியும் கிரீஸ் அடைத்தால்தான் வண்டி ஓடும். அதனால் வந்த பெயர் அது. 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே புதிய சட்டத்தைச் செய்தார். 1981-இல் 'ஸ்பெஷலைஸ்டு' நிறுவனத்தின் 'ஸ்டம்ப்ஜம்பர்' தொழிற்சாலையில் பெருமளவில் உற்பத்தியாகிச் சந்தைக்கு வந்தது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலேயே மலை மிதிவண்டிப் போட்டி இடம்பெற்றது. உடையாமல் இருக்க வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்த வண்டி இது என்பதை நினைவில் வையுங்கள். எனவேதான் கனத்த உடல் கொண்ட புதியவருக்கு இது ஏற்றது. ஆனால் உண்மையான மலை மிதிவண்டிக்கும், அதன் வேடம் புனைந்து நிற்கும் வண்டிக்கும் வேறுபாடு அறிந்து வாங்க வேண்டும்.

எவ்வாறு அறிவது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, எடை. கடைக்குப் புறப்படுமுன் எடை பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையான எண்ணை மனதில் அன்று, தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தரமான நிறுவனங்கள் ஒவ்வொரு வண்டிக்கும் அது தாங்கும் எடையின் எல்லையைக் கையேட்டில் அச்சிடுகின்றன. சில வண்டிகளுக்கு 100 கிலோ. சிலவற்றுக்கு 136 கிலோ, அதாவது 300 பவுண்டு. இங்கே ஒரு நுட்பம் உண்டு. பெரும்பாலும் அந்த எண் ஓட்டுபவரின் எடையை மட்டும் குறிப்பதன்று. வண்டி, பை, தண்ணீர்ப் புட்டி யாவும் சேர்ந்த மொத்த எடை. 110 கிலோ எடையுள்ளவர் 15 கிலோ வண்டியில் ஏறினால் கணக்கு 125 கிலோ. எல்லை 120 என்றிருந்தால் அவ்வண்டி அவருக்கு உரியதன்று. கையேட்டில் எல்லையே குறிக்கப்படவில்லை எனில் அந்த வண்டியை விட்டுவிடுவதே அறிவுடைமை.

இரண்டாவது, சக்கரம். இதுவே இக்கட்டுரையின் உயிர்நாடி. மிதிவண்டியின் கம்பிகள் வீட்டைத் தாங்கும் தூண்கள் போன்றவை அல்ல. கூடாரத்தை இழுத்துக் கட்டிய கயிறுகள் போன்றவை. சக்கரம் உருளும்போது தரையைத் தொடும் பகுதியிலுள்ள கம்பிகள் சற்றே தளர்கின்றன. அவ்விடத்தைக் கடந்ததும் மீண்டும் இறுகுகின்றன. 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் செல்லும். அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்குள் ஒவ்வொரு கம்பியும் ஏறக்குறைய ஐந்நூறு முறை தளர்ந்து இறுகுகிறது! மெல்லிய கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் ஓரிடத்தில் ஒடிகிறதல்லவா? அதே கதிதான் இங்கும். போதிய இறுக்கமில்லாத சக்கரத்தில், பாரம் ஏறும்போது கம்பி முற்றிலும் தளர்ந்து அசைகிறது. சில வாரங்களில் ஹப்பை ஒட்டிய வளைவில் அறுகிறது. அறுந்ததற்கு முதற்காரணம் இறுக்கக் குறைவு. எடை அந்தக் குறையை விரைவில் வெளிப்படுத்திவிட்டது.

ஆகவே கம்பிகளை எண்ணிப் பாருங்கள். 32-க்குக் குறையலாகாது, 36 கிடைத்தால் மிக நன்று. ரிம் இரட்டைச் சுவர் கொண்டதாக இருக்க வேண்டும். டயரையும் உள்நாடாவையும் கழற்றிப் பார்த்தால் தெரியும்: கம்பியின் நிப்பிள் தலைகள் மேற்பரப்பிலேயே தெரிந்தால் ஒற்றைச் சுவர், ஆழ்ந்த துளைகளுக்குள் இருந்தால் இரட்டைச் சுவர். அடுத்து, பக்கத்துக் கம்பிகள் இரண்டிரண்டாகக் கையால் பிடித்து அழுத்துங்கள். சில விறைப்பாகவும் சில தொளதொளவென்றும் இருந்தால், வண்டியைப் பெறுமுன்பே பெண்டு எடுத்து எல்லாவற்றையும் ஒரே சீராக இறுக்கித் தரச் சொல்லுங்கள். அனுபவமிக்க மெக்கானிக்கின் ஒரு மணி நேர உழைப்பு உங்கள் ஓராண்டுச் சங்கடத்தைத் தீர்க்கும். நான் குறிப்பிட்ட மாணவரின் பின்சக்கரத்தை, வேறொரு ஊரிலிருந்த முதிய மெக்கானிக் ஒருவர் 36 கம்பிகளும் இரட்டைச் சுவர் ரிம்மும் கொண்டு புதிதாகக் கோத்துக் கொடுத்தார். அதன்பின் ஒரு கம்பியும் அறவில்லை. அவருடைய எடை அப்போதும் 108 கிலோதான்!

மூன்றாவது, பின்சக்கர ஹப். மலிவான வண்டிகளில் பிரீவீல் ஹப்பின்மேல் மரையில் திருகப்பட்டிருக்கும். அந்த அமைப்பில் வலப்பக்கத்துப் பேரிங் குண்டுகள் சட்டத்திலிருந்து உள்ளே தள்ளி அமைந்துவிடுகின்றன. இடைப்பட்ட அச்சு தாங்குவாரின்றிப் பாரத்தைச் சுமந்து நாளடைவில் வளைகிறது, சில வேளைகளில் முறிகிறது. 'கேசட்' எனப்படும் அமைப்பில் பேரிங் சட்டத்திற்கு அருகிலேயே இருப்பதால் அச்சுக்கு இந்தத் துன்பமில்லை. ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1978-இல் இவ்வகை ஹப்பைச் சந்தைப்படுத்தியது. "இது பிரீவீலா, கேசட்டா?" என்ற ஒரு கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். கியர்களின் எண்ணிக்கையைவிட இக்கேள்வி பயனுள்ளது.

நான்காவது, சுருள்வில். மலிவான வண்டியில் பின்னாலும் சஸ்பென்ஷன் இருந்தால் அதை நாடாதீர்கள். நீங்கள் மிதிக்கும் ஆற்றலில் ஒரு பங்கை அந்த வில் விழுங்கிவிடும். அதன் மூட்டுகளும் விரைவில் ஆட்டம் காணும். முன்போர்க்கிலுள்ள வில் சராசரி எடையுள்ளவரைக் கருதிச் செய்யப்பட்டது. நீங்கள் அமர்ந்த உடனேயே அது அடியோடு அமுங்கிவிட்டால், பள்ளம் வரும்போது அமுங்க அதனிடம் எதுவுமில்லை. நல்ல போர்க் நீங்கள் அமரும்போது தன் அசைவில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரைதான் இறங்க வேண்டும். காற்றழுத்தத்தால் இயங்கும் போர்க் எனில் எடைக்கேற்ப அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ளலாம், விலைதான் அதிகம். அதற்கு வசதியில்லையெனில் வில்லே இல்லாத உறுதியான போர்க்கும் அகன்ற டயரும் போதும். 2 அங்குலத்திற்கு மேற்பட்ட அகலமுள்ள டயரில் அடைபட்ட காற்றே முதல்தரமான வில்தானே!

ஆனால் அந்தக் காற்றைக் குறையவிடலாகாது. டயரின் பக்கவாட்டில் குறைந்த அளவும் மிகுந்த அளவும் அச்சிடப்பட்டிருக்கும். கனத்தவர்கள் அவ்விரண்டில் மேல் அளவை ஒட்டியே அடிக்க வேண்டும். மேல் அளவைத் தாண்டுதல் கூடாது. காற்று குறைந்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே உள்நாடா நசுங்கி, பக்கம் பக்கமாக இரண்டு துளைகள் விழும். வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள்.

ஐந்தாவது, பிரேக். சிந்தித்துப் பாருங்கள்: 65 கிலோ எடையுள்ளவர் 15 கிலோ வண்டியில் சென்றால் நிறுத்த வேண்டியது 80 கிலோ. உங்களுக்கோ 125 கிலோ. ஒரே வேகத்தில் சென்றாலும் உங்கள் பிரேக் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேலை செய்தாக வேண்டும். ஆகவே டிஸ்க் பிரேக் நன்று. அதிலும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது விரலுக்கு எளிது. முன்சக்கரத் தட்டு 160 மில்லிமீட்டருக்குப் பதிலாக 180 இருந்தால் சூட்டை மேலும் நன்றாகத் தாங்கும். ஆனால் போர்க் அதற்கு இடந்தருகிறதா என்று கேட்டறிய வேண்டும்.

ஆறாவது, கியர். புதிதாக ஓட்டுபவருக்கு வேகமான கியர் தேவையில்லை. எளிதான கியரே தேவை. முன்பல்சக்கரத்தில் 44 பற்களும் பின்னே 18 பற்களும் இருந்தால், ஒரு மிதிக்குப் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுழலும்; மேட்டில் முழங்காலுக்கு அது பெரும் சோதனை. முன்னே 22, பின்னே 34 எனில் ஒரு மிதிக்கு மூன்றில் இரண்டு பங்குச் சுற்றுத்தான். மெதுவாகச் செல்வீர்கள், ஆனால் இறங்கித் தள்ளாமல் செல்வீர்கள். முழங்காலுக்கு அழுத்தி மிதிப்பதைவிட அடிக்கடி மிதிப்பதே நலம் என்பதை மறவாதீர்கள்.

ஏழாவது, இருக்கை. மெத்தென்று இருப்பதே சுகம் என்று எண்ணிப் பலரும் ஏமாறுகிறார்கள். மிக மென்மையான இருக்கையில் எலும்பு உள்ளே புதைய, அருகிலுள்ள தசை நசுங்கி மரத்துப்போகும். உட்காரும் எலும்புகள் இரண்டையும் தாங்கும் அகலமும், ஓரளவு உறுதியும் இருந்தால் போதும். முதல் இரண்டு வாரங்கள் வலி இருக்கும், பிறகு குறையும். உயரத்திற்கு ஓர் எளிய சோதனை: இருக்கையில் அமர்ந்து, கீழே இறங்கிய பெடலின்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக வேண்டும். பின்னர் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும். இருக்கைத் தண்டில் ஒரு கோடு பொறிக்கப்பட்டிருக்கும். அக்கோடு வெளியே தெரியுமளவுக்குத் தண்டை உயர்த்துவது கனத்தவர்களுக்குப் பேராபத்து.

நம் இல்லங்களுக்கென்றே சில சொற்கள். மலை மிதிவண்டியில் செயின் கவர் இருப்பதில்லை. கைலியோ, நீண்ட அங்கியோ அணிந்து ஓட்டினால் துணி பல்சக்கரத்தில் சிக்கும். கால்சட்டை அணிந்து, அதன் ஓரத்தைப் பட்டையால் கட்டிக்கொள்ளுங்கள். சகோதரிகள் வாங்குவதாயின் குறுக்குத்தண்டு தாழ்ந்த சட்டத்தைக் கேளுங்கள். ஏறி இறங்க எளிது. பழைய நினைவில் கேரியர் பொருத்திப் பிள்ளையை ஏற்றிவிடாதீர்கள். இத்தகைய கேரியர்கள் பெரும்பாலும் 25 கிலோவுக்கே செய்யப்படுகின்றன. மேலும் நீங்கள் ஏற்கெனவே வண்டியின் எல்லையை ஒட்டி நிற்கிறீர்கள்.

வண்டி வந்தாயிற்று. இனி எப்படித் தொடங்குவது? நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். பிறகு, சுபுஹு தொழுகை முடிந்த வேளையில், தெரு அமைதியாக இருக்கையில், சமதரையில் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். தலைக்கவசம் மறவாதீர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். மூச்சு வாங்கினாலும் ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும்; அதுவே அளவு. ஒரு மாதம் கழிந்ததும் வண்டியைக் கடைக்குக் கொண்டுசென்று கம்பிகளை மீண்டும் ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள். புதிய சக்கரம் முதல் மாதத்தில்தான் தளரும். ஏலகிரிச் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளும், கொல்லிமலையின் 70 வளைவுகளும் எங்கும் போய்விடா. அவை உங்களுக்காகக் காத்திருக்கும். அங்கே செல்லும் நாளில், ஏற்றத்தைவிட இறக்கத்திற்கே அஞ்சுங்கள். ஒரே பிரேக்கைத் தொடர்ந்து பிடிக்காமல் இரண்டையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். தட்டு சூடேறினால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

மிதிவண்டி ஓட்டியதும் எடை கரைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. உணவு, உறக்கம், வயது, நோய் எனப் பல காரணங்கள் அதில் அடங்கியுள்ளன. ஆனால் எடை குறையாவிட்டாலும் மூச்சு சீராகும், கால்களில் வலிமை கூடும், மனம் இலேசாகும். மெலிந்த பிறகு ஓட்டலாம் என்று காத்திருப்பவர், நீந்தக் கற்ற பிறகு தண்ணீரில் இறங்கலாம் என்று கரையில் நிற்பவரைப் போன்றவர்.

இறுதியாக, பருமனில்லாத வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ கனத்த உடல் கொண்ட ஒருவர் மிதிவண்டியில் ஏறுவதைக் கண்டால், தயவுசெய்து சிரிக்காதீர்கள். "வண்டி பாவம்!" என்று வேடிக்கை பேசாதீர்கள். வண்டி இரும்பாலோ அலுமினியத்தாலோ ஆனது; அதற்கு வலிக்காது. அதை ஓட்டுபவருக்கு வலிக்கும். சுமப்பது சக்கரத்தின் வேலை. அதை அது செய்யட்டும். நம் ஏளனத்தையும் சேர்த்துச் சுமக்கும் பாரம் அந்த மனிதருக்கு எதற்கு?